பினாங்கு ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள்: தாத்தா சொன்ன "கடைத்தெரு" எங்கே, என்ன சாப்பிடலாம்?

நாகைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் அம்மா, நான், பத்தாவது படிக்கும் மகன் மூன்று பேரும் மலேசியா போகிறோம். கோலாலம்பூரில் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கேதான் தங்கல். நடுவில் இரண்டு நாளைப் பினாங்குக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

காரணம் என் தாத்தா. அம்மாவின் அப்பா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போய், பினாங்கில் பதினோரு வருஷம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். திரும்பி வந்த பிறகும் சாகும்வரை காலையில் பாலில்லாத "கோப்பி"தான். கடை எங்கே இருந்தது என்று கேட்டால் "கடைத்தெருவில்" என்பாராம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாராம். எல்லாத் தெருவிலும்தானே கடை இருக்கிறது, இதை வைத்து எதைத் தேடுவது என்று நாங்களும் விட்டுவிட்டோம். இருந்தாலும் அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. 74 வயது, முழங்கால் வலி, நீண்ட தூரம் நடக்க முடியாது.

பழைய நகரம் முழுவதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். ஆனால் இணையத்தில் தேடினால் சுவர் ஓவியத்தின் முன்னால் நின்று எடுத்த படங்கள்தான் வருகின்றன. உண்மையிலேயே அங்கே மனிதர்கள் வாழ்கிறார்களா, அல்லது பெயின்ட் அடித்து வைத்த காட்சிப்பொருளா? இரண்டு நாள் போதுமா? சாப்பாடு வேறு இருக்கிறது. அம்மா சுத்த சைவம், நான் மீன் வரைக்கும், மகன் எதையும் விடமாட்டான். எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

ஆயர்ஈத்தாம்வாசி:

அக்கா, உங்கள் தாத்தா தெருவின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்! வரைபடத்தில் "லெபு பாசார்" என்று இருக்கும், ஆங்கிலத்தில் மார்க்கெட் ஸ்திரீட். பினாங்குத் தமிழர்களுக்கு அன்றும் இன்றும் அது கடைத்தெரு. லிட்டில் இந்தியா என்று பலகை வைத்தது இப்போதுதான். என் பாட்டி கடைசிவரை "கடைத்தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வா" என்றுதான் சொல்வார், பாசார் என்று அவர் வாயில் வந்ததே இல்லை. அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில் எடுங்கள், நாலு நாலரை மணி நேரம் ஆகும். ஸ்டேஷனிலிருந்து அப்படியே ஃபெர்ரி. பாலம் வழியாக டாக்சியிலும் வரலாம், ஆனால் உங்கள் தாத்தா கடல் வழியாக வந்தவர், நீங்களும் அப்படியே வாருங்கள். கால் மணி நேரத்தில் ஊர் மெல்ல மெல்லப் பக்கத்தில் வருவதைப் பார்க்கலாம்.

மனிதர்கள் வாழ்கிறார்களா என்று கேட்டீர்களே, அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். முன்பை விடக் குறைவு. போருக்கு முந்திய கட்டடங்களுக்கு 1966 சட்டப்படி வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. தச்சர், தையல்காரர், ஊதுபத்தி செய்கிறவர் எல்லோரும் சொற்ப வாடகையில் கீழே தொழில், மேலே குடும்பம் என்று இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தக் கட்டுப்பாடு போனது, வாடகை பல மடங்கு ஏறியது, நிறையக் குடும்பங்கள் வெளியே போய்விட்டன. எங்கள் குடும்பமும் அப்படித்தான் ஆயர் ஈத்தாமுக்கு வந்தது. அப்புறம் 2008இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்தது. கட்டடங்கள் இடிபடாமல் தப்பின, அது பெரிய நன்மை, நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் தப்பிய வீடுகளில் பல ஹோட்டலும் காபிக் கடையும் ஆகிவிட்டன. அதனால்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், இன்னும் அங்கேயே தொழில் செய்கிறவர்களிடம் வாங்குங்கள், அவர்கள் கடையில் சாப்பிடுங்கள். அவர்கள் இருந்தால்தான் அது ஊர்.

காலையில் ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள், பத்தரைக்கு மேல் வெயில் தாங்காது. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் ஆரம்பிக்கலாம், 1833இல் கட்டியது, பினாங்கின் பழைய கோயில். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிட் ஸ்திரீட், இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். இந்த ஒரே சாலையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் பக்கவாட்டிலிருந்து நடந்தால் குவான் யின் கோயில், அப்புறம் 1801இல் நம்மவரான காதர் மொஹிதீன் தொடங்கிய பள்ளிவாசல். சீனக் கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும், நாலு எட்டு நடந்தால் மல்லிகை வாசம், இன்னும் கொஞ்சம் நடந்தால் மதிய நேரத்தில் பாங்கு சத்தம். இதற்கெல்லாம் யாரும் பெயின்ட் அடித்துக் காட்டவில்லை அக்கா, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

நாகப்பட்டினம் என்றதால் இன்னொன்று. சூலியா ஸ்திரீட்டும் கிங் ஸ்திரீட்டும் சேரும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது, நாகூர் ஆண்டவரின் நினைவாகக் கட்டியது. சின்ன இடம்தான், கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவீர்கள். வெளிச்சுவரை ஒட்டியே கடைகள் இருக்கும். கப்பல் ஏறி வந்தவர்கள் ஊரில் கும்பிட்டதை இங்கேயும் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடந்த கடைகள், இருந்த வரிசையும் பக்கம்தான், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம் அந்தத் தெருவிலிருந்துதான் புறப்படும்.

கால் வலித்தால் பழைய நகரத்துக்குள் இலவச பஸ் ஓடுகிறது. இல்லாவிட்டால் அஞ்சடியில் ஏதாவது ஒரு கடை முன்னால் உட்காரச் சொல்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை ஓடுமே, அதைத்தான் அஞ்சடி என்போம்.

சாப்பாட்டில் முதல் மரியாதை நாசி கண்டாருக்கு. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் போடும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் விற்றதில் வந்த பெயர். கேம்பல் ஸ்திரீட்டில் ஹமீதியா 1907 முதல் இருக்கிறது, பினாங்கு ரோட்டில் சந்துக்குள் லைன் கிளியர். எங்கே போனாலும் கரண்டி பிடித்திருக்கும் ஆளின் கையைப் பாருங்கள். சோற்றைத் தட்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழியிலிருந்து ஒன்று, இறைச்சிக் குழம்பில் ஒன்று, பருப்பில் ஒன்று என்று ஐந்தாறு பாத்திரத்திலிருந்து மேலே மேலே ஊற்றுவார். தனித்தனியாக வேண்டும் என்று கேட்காதீர்கள், அந்தக் கலப்பில்தான் ருசியே இருக்கிறது. குழம்பு நிறைய வேண்டும் என்றால் "பஞ்சிர்" என்று சொல்லச் சொல்லுங்கள் மகனிடம். பஞ்சிர் என்றால் வெள்ளம்.

சுண்ணாம்புச்சாந்து:

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சரிசெய்யும் வேலையில் இருக்கிறேன். 2017இல் ஜார்ஜ் டவுனுக்கு ஒரு வாரம் இதற்காகவே போய்வந்தேன். காட்சிப்பொருளா என்று கேட்டிருந்தீர்கள், சுவரைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

அங்கே கடைவீடுகள் முகப்பில் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். நடுவில் வானம் தெரியும் முற்றம். நம் செட்டிநாட்டு வீட்டில் இருப்பதைச் சுருக்கிவைத்த மாதிரி. வெளிச்சமும் காற்றும் அந்த ஒரு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் போட்ட சுவர்கள். கடலோர ஊர், வருஷம் முழுக்க மழை, தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்பாகப் பூத்து, செங்கல்லையே அரித்துவிடும். நல்ல எண்ணத்தோடு சிமென்ட் பூசிக் கெடுத்த வீடுகளை எங்கள் ஊரில் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

அஞ்சடியில் நடக்கும்போது தூணின் அடியை, முழங்கால் உயரம் வரை பாருங்கள். ஒரே தூணில் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டு, அதைச் சுற்றி வெள்ளை உப்பு, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தால் யாரோ அவசரத்தில் சிமென்ட் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தூணில் பூச்சு மங்கலாக, மேடுபள்ளமாக, ஆனால் பிடிப்பாக இருந்தால் அதுதான் பொறுமையாகச் செய்த வேலை. பளபளப்பு அதிகமாகத் தெரிகிற இடத்தில் எனக்குச் சந்தேகம் வரும்.

உள்ளே போய்ப் பார்க்க லீத் ஸ்திரீட்டில் சியோங் பாட் சி மாளிகையைத் தவறவிடாதீர்கள். நீல மாளிகை என்றால் எல்லோருக்கும் தெரியும். 38 அறை, 5 முற்றம், 7 படிக்கட்டு, 220 ஜன்னல். ஒரு காலத்தில் பல குடித்தனங்கள் அடைந்து கிடந்து இடியும் நிலையில் இருந்ததை, 90களில் பழைய முறைப்படியே சீரமைத்து, 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது வாங்கினார்கள். அந்த நீலம் பெயின்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து அடித்தது. மழையில் நனைந்த சுவரில் நீலம் ஓர் இடத்தில் கருத்தும் ஓர் இடத்தில் வெளுத்தும் இருக்கும், நான் அரைமணி நேரம் அதை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும், அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. கூ என்ற சீனக் குலத்தாரின் குலமனையான கூ கொங்சியும் பார்க்கலாம். 1901இல் எரிந்துபோன பிறகு மறுபடி எழுப்பி 1906இல் முடித்தது. மரச்செதுக்கு வேலை அபாரம்.

பசிப்பயணி:

சிங்கப்பூரிலிருந்து வருஷம் ஒரு தடவையாவது சாப்பிடுவதற்காகவே பினாங்கு போகிறவன். உங்கள் மகனுக்காகவும் மீனுக்காகவும் எழுதுகிறேன்.

ஆசாம் லக்சா கட்டாயம். சிங்கப்பூரில் கிடைக்கும் தேங்காய்ப்பால் லக்சாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு ஜாதி. அயிலை மாதிரியான மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, புளிப்புச் சாற்றில் கொதிக்கவிடுவார்கள். புளிப்புக்குப் போடுவது நம் குடம்புளிக்கு உறவுக்காரன். தடித்த அரிசி நூடுல்ஸ் மேல் அந்தச் சாற்றை ஊற்றி, வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சி வகைப் பூ ஒன்றை நறுக்கித் தூவி, கரண்டியில் கறுப்பாக இறால் விழுது ஒன்றை வைத்துக் கொடுப்பார்கள். அந்த விழுதை முதலிலேயே கலக்க வேண்டாம். பாதி குடித்துவிட்டுக் கலந்தால் இரண்டு ருசியும் தெரியும். நாகப்பட்டினத்து மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இதை உடனே ஏற்றுக்கொள்ளும், எனக்குச் சந்தேகமே இல்லை.

சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலை ஒவ்வொரு தட்டாகத்தான் கிளறுவார்கள், நாலு தட்டை ஒன்றாகப் போட்டால் அந்தக் கருகல் வாசம் வராது, அதனால் வரிசை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சீனர் கடையில் பன்றிக் கொழுப்பில் கிளறுவது வழக்கம், வேண்டாம் என்றால் மாமாக் கடைகளில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில், மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுவல் இருக்கிறது. பசெம்பூர் என்று ஒன்று, வெள்ளரியும் உருளைக்கிழங்கும் வடையும் இறால் பொரியலும் வெட்டிப்போட்டு மேலே இனிப்பும் காரமுமாகக் கெட்டிக் குழம்பு. வெயில் ஏறியதும் கெங் குவீ சந்தில் செண்டோல், அந்தக் கடை 1936 முதல் இருக்கிறது. பனிக்கட்டித் துருவல், தேங்காய்ப்பால், பனைவெல்லம், பாண்டான் இலையின் பச்சையில் புழுப்புழுவாக மாவு. ஜாதிக்காய் ஜூசும் பினாங்கில் குடிக்க வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. நாசி கண்டாரில் விலைப்பலகை பார்க்காமல் பெரிய இறால், மீன்சினை இதைக் கைகாட்டாதீர்கள். போன வருஷம் ஒரு கடையில் நானும் மனைவியும் ஆளுக்கொரு தட்டு வாங்கி, கணக்கு வந்தபோது எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். இறால் ஒன்றின் விலையை முதலிலேயே கேட்டிருந்தால் அந்த மனவருத்தம் இருந்திருக்காது. "இது எவ்வளவு?" என்று தமிழிலேயே கேட்கலாம், பல கடைகளில் புரியும்.

நாகைப்பெண்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடைத்தெரு ஒரு தெருவின் பெயர் என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார், நமக்குத்தான் புரியல" என்றார்.

சைவம் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கீழமாசிவீதி:

என் மாமியாரோடு போய்வந்தேன், அவரும் சைவம். காலையில் கடைத்தெருப் பக்கத்திலேயே தோசை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு, பினாங்கு ஸ்திரீட்டில் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. அதோடு நிறுத்திவிட்டால் ஊரை ருசிக்காமல் வந்த மாதிரி ஆகிவிடும். அப்போம் என்று தெருவில் சுடுவார்கள், நம் ஆப்பம்தான், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து ஓரம் மொறுமொறுவென்று. முட்டை போட்டதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். புத்து மாயம் என்றால் இடியாப்பம், தேங்காய்ப்பூவும் வெல்லச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். செண்டோல் சைவம்தான். ரொட்டி பெங்காலி என்ற தடித்த ரொட்டியைத் தணலில் வாட்டி வெண்ணெய் தடவித் தருகிறார்கள், பெயர் நம் "பங்காளி"யிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

பொதுக்கடையில் காய்கறி வதக்கலை மட்டும் நம்ப வேண்டாம், பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. சீனர்களின் சைவக் கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காமல் செய்வது வழக்கம், அங்கே தைரியமாகச் சாப்பிடலாம்.

ஆயர்ஈத்தாம்வாசி:

மேலே சொல்லாமல் விட்டது ஒன்று. இரண்டாம் நாள் விடியற்காலையில் ச்சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடலில் மரக்கால்கள் நட்டு அதன்மேல் கட்டிய வீடுகள், ஒரே குலப்பெயர் கொண்ட குடும்பங்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். பலகைப்பாதையின் முன்பகுதியில் கடைகள், கடைசிவரை நடந்தால் கடல். வாசல் திறந்திருக்கும், உள்ளே ஒரு பாட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பார், தயவுசெய்து உள்ளே கேமராவை நீட்ட வேண்டாம். சிலர் அவர் வீடு என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

சுவர் ஓவியங்களை மகன் பார்க்க விரும்பினால் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருப்பதைப் பார்த்தால் போதும், 2012 விழாவுக்காக வரைந்தது.

நாகைப்பெண்:

போய்விட்டு வந்தோம். சொன்னவர்களுக்குத் திரும்பிச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஃபெர்ரியில்தான் போனோம். முதல் நாள் கடைத்தெருவில் நுழைந்தபோது மழை. அஞ்சடியில் ஒதுங்கி நின்ற இடம் ஒரு மளிகைக் கடை வாசல். சீரகமும் காய்ந்த மிளகாயும் கலந்த வாசனை. உள்ளே இருந்த பெரியவர் அம்மாவைப் பார்த்ததும் ஒரு முக்காலியைத் தள்ளி வைத்தார். எந்த ஊர் என்றார். நாகப்பட்டினம் என்றதும் "எங்க வாப்பா நாகூருங்க" என்று சொல்லிவிட்டுப் பையனை அனுப்பித் தே (அங்கே டீக்கு அதுதான் பெயர்) வாங்கிவரச் சொன்னார். தாத்தா வேலை பார்த்த கடையைக் கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை, அந்தக் காலத்துக் கடைகள் எத்தனையோ கைமாறிவிட்டன என்றார். பேச்சுவாக்கில் அம்மா "அப்பா தரையில உக்காந்து சாய்வு மேசையிலதான் கணக்கு எழுதுவாங்களாம்" என்று சொல்ல, அவர் எழுந்து போய் மூலையில் நாலு அட்டைப்பெட்டிகளை நகர்த்தினார். அடியில் அப்படி ஒரு மேசை, கறுத்துப்போய், மேல்பலகையில் மைக்கறை. அவருடைய வாப்பா வைத்திருந்ததாம். அம்மா அதன்மேல் கையை வைத்துக்கொண்டே தேயைக் குடித்து முடித்தார். மகனைக் கூப்பிட்டு மேசையை மட்டும் படம் எடுக்கச் சொன்னார். அந்தக் கடையிலேயே ஊருக்கு வேண்டிய ஜாதிக்காயும் பட்டையும் வாங்கினோம்.

தூணின் அடியைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு: மகன் இரண்டு நாளும் தூண் தூணாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். நீல மாளிகையிலிருந்து அவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆசாம் லக்சா நான் இரண்டு கிண்ணம், நீங்கள் சொன்ன மாதிரியே பாதியில்தான் விழுதைக் கலந்தேன். அம்மாவுக்கு அப்போம் பிடித்துப்போய் மறுநாளும் அதே வண்டிக்குப் போனோம். இறால் விலையை முதலிலேயே கேட்டுவிட்டோம்.

இனிப் போகிறவர்களுக்கு ஒன்று, குடை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சடி எல்லாத் தெருவிலும் தொடர்ச்சியாக இல்லை, நடுநடுவே மேடு பள்ளமும் படியும் இருக்கிறது, வயதானவர்களைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.